விளியும் மொழியும்: தனிநாயகம் அடிகளாரின் குருமட ஆண்டுகள்

தமிழ் இலக்கணத்தில் எட்டாம் வேற்றுமை விளி. தொல்காப்பியர் அதற்கு விளிமரபு என்று தனியியலே வகுத்தார். அழைக்கப்படும்போது பெயர் தன் ஈற்றில் திரிகிறது. 'நம்பி' என்பவன் 'நம்பீ' ஆகிறான். சேய்மையில் நிற்பவனை அழைக்கையில் ஓசை மேலும் நீள்கிறது. சில பெயர்கள் யாதொரு திரிபுமின்றி இயல்பாகவே விளியேற்கும். விளியே கொள்ளாப் பெயர்களும் உண்டு. அழைப்பு என்பது அழைக்கப்படுபவனை மாற்றும் ஆற்றலுடையது என்னும் உண்மையை நம் இலக்கணிகள் எழுத்தின் அளவிலேயே கண்டு வைத்தனர் எனலாம்.

இலத்தீன் மொழியில் 'அழை' எனப் பொருள்படும் வினையிலிருந்தே விளிவேற்றுமைக்குரிய பெயரும், துறவு வாழ்வுக்கும் குருத்துவத்துக்கும் ஒருவன் பெறும் இறையழைத்தலுக்குரிய பெயரும் பிறந்தன. கத்தோலிக்கக் குருமாணவர் ஒருவர் தம் பயிற்சிக்காலம் முழுவதும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் வினா இரண்டே: நான் நம்புவது யாது? நான் அழைக்கப்பட்டது எதற்கு? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடிச் சென்ற யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவர், கடல் கடந்து உரோமை சென்று, பின் நெல்லைச் சீமையின் சிற்றூர் ஒன்றில் தமிழைக் கண்டடைந்த வரலாறே இக்கட்டுரையின் பொருள். அவர் சேவியர் தனிநாயகம் அடிகள் (1913-1980). உலகத் தமிழ் மாநாடுகளின் தந்தை என்று அவரை நாம் அறிவோம். குருமாணவர் தனிநாயகத்தை நாம் அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை. முன்னவர் பின்னவரிடமிருந்தே தோன்றினார் என்பது என் துணிபு.

குருமடம் என்னும் பயிற்சிக்களம்

கத்தோலிக்கத் திருச்சபையில் குருக்களுக்கென ஒவ்வொரு மறைமாவட்டமும் பயிற்சிக் கூடம் நிறுவவேண்டும் என்ற விதி, திரிதெந்து நகரில் கூடிய பொதுச்சங்கத்தில் 1563ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இயற்றப்பட்டது. விதைகளை முளைக்கவைக்கும் நாற்றங்கால் என்பதே அக்கூடத்திற்கு இலத்தீனில் இட்ட பெயரின் பொருள். தமிழில் அது குருமடம் ஆயிற்று. மறைபரப்புப் பணிக்கெனப் பேராயம் ஒன்று 1622இல் உரோமையில் அமைந்தது. பல நாட்டு மாணவர்களையும் ஒருங்கே பயிற்றுவிக்க, திருத்தந்தை எட்டாம் உர்பானின் பெயரால் உர்பானியக் கல்லூரி 1627இல் தோன்றிற்று.

குருமட வாழ்வு மணியோசையால் ஆளப்படுவது. வைகறையில் துயிலெழல், தியானம், திருப்பலி, பாடம், உணவு, படிப்பு, செபமாலை என ஒவ்வொன்றுக்கும் மணி உண்டு. இரவு வேண்டுதலுக்குப் பின் மறுநாட்காலை வரை நீளும் மௌனத்தைப் 'பெரிய மௌனம்' என்பர். முதலில் மெய்யியல், அதன்பின் இறையியல் எனக் கல்வி ஆறேழு ஆண்டுகள் நீளும். இடையிடையே மாணவர் படிநிலைகளை ஏற்றாக வேண்டும். பழைய முறையில் உபதிருத்தொண்டர் பட்டமே திரும்பிவரவியலாப் படி. அன்று ஆயர், 'இதுவரை நீங்கள் உரிமையுடையவர்கள். மீண்டும் எண்ணிப் பாருங்கள்' என்னும் கருத்துப்பட எச்சரிப்பார். அதனைக் கேட்டபின் மாணவர் ஓரடி முன்வைக்கவேண்டும். அவ்வோரடியில் மணவாழ்வைத் துறத்தலும் நாள்தோறும் திருப்புகழ் நூலை ஓதுதலும் வாழ்நாட்கடனாகிவிடும். 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அப்பட்டத்தை நீக்கும்வரை இவ்வழக்கம் இருந்தது.

இப்பயிற்சியின் மொழி இலத்தீன். மெய்யியல் நூல்களும் வழிபாடும் தேர்வும் இலத்தீனிலேயே நிகழ்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் குருமடம் புகுந்த தமிழிளைஞன் ஒருவனின் நிலையை எண்ணுக. தாயிடம் பேசியது தமிழ். பள்ளியில் பயின்றது ஆங்கிலம். இறைவனைப் பற்றி முறையாகச் சிந்திக்கக் கற்றது இலத்தீன். குருப்பட்டம் பெற்றபின் அவன் சென்று நிற்கவேண்டிய பீடமோ தமிழ்மக்களுக்கு நடுவே. அவன் பெற்ற கல்வி ஆழமானது. அக்கல்வியை எடுத்துரைக்கும் சொல் அவனிடம் இல்லை. 'அழைப்பு' அவனுக்குக் கேட்டது ஒரு மொழியில். அவன் 'இதோ வந்தேன்' என்று விடைகூற வேண்டியது பிறிதொரு மொழியில்.

காலமும் மாறத் தொடங்கியிருந்தது. மறைநாடுகளில் அந்நாட்டுக் குருக்களே பொறுப்பேற்கும் வண்ணம் முழுமையான பயிற்சி பெறவேண்டும் என்று திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் 1919 நவம்பரில் சுற்றுமடல் விடுத்தார். 1923இல் தூத்துக்குடி மறைமாவட்டம் உருவாகி, திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை அதன் முதல் ஆயரானார். அண்மைக் காலத்தில் இலத்தீன் வழிபாட்டு முறையில் ஆயரான முதல் இந்தியர் அவரே. பின்னாளில் தனிநாயகம் தம் பணிக்களமாக ஏற்றது இம்மறைமாவட்டத்தையே.

கரம்பனிலிருந்து உரோமைக்கு

யாழ்ப்பாணத்தைச் சார்ந்த ஊர்காவற்றுறைத் தீவில் கரம்பன் என்னும் ஊரில் 1913 ஆகத்து 2ஆம் நாள் அடிகள் பிறந்தார். இயற்பெயர் சேவியர் நிக்கலஸ் ஸ்தனிசுலாஸ். தனிநாயகம் என்பது தந்தைவழி முன்னோர் பெயர் என்பர். பின்னரே அவர் அதனை ஏற்றார். ஊரில் தொடக்கக் கல்வியும், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் மேற்கல்வியும் பெற்றார். அக்கால யாழ்ப்பாணத்தின் சிறந்த கல்லூரிகள் அனைத்தையும் போல அங்கும் ஆங்கிலமே அரசிருந்தது.

யாழ்ப்பாணக் கத்தோலிக்கருக்குத் தமிழ்ப்புலமையும் குருத்துவமும் இணைந்து நிற்றல் புதிதன்று. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் (1875-1947) அக்காலத்திலேயே பன்மொழி அறிஞராகவும் தமிழ்ச் சொற்பிறப்பு ஆய்வாளராகவும் புகழோடு விளங்கினார். ஆயினும் ஞானப்பிரகாசர் தனிமனிதராக அடைந்த புலமை, குருமடப் பாடத்திட்டமாக ஆகிவிடவில்லை.

1931இல் கொழும்பு புனித பெர்நார்து குருமடத்தில் சேர்ந்த இளைஞர், மூன்றாண்டு மெய்யியல் பயின்றபின் 1934இல் உரோமை உர்பானியக் கல்லூரிக்குச் சென்றார். 1939 வரை அங்கே தங்கினார். வாழ்வின் இருபத்தொன்று முதல் இருபத்தாறு வரையுள்ள ஆண்டுகள் அவை. ஒருவனுடைய நம்பிக்கை பெற்றோர் தந்தது என்னும் நிலையினின்று தான் தேர்ந்தது என்னும் நிலைக்கு மாறுகின்ற பருவம் அது. முசோலினியின் ஆட்சி நடந்த இத்தாலி அது. எத்தியோப்பியாவின் மீது 1935இல் படையெடுத்த நாடு. இனப்பெருமையின் முழக்கம் வெளியே கேட்டுக்கொண்டிருக்க, ஜனிக்குலம் குன்றின்மேல் நின்ற அக்கல்லூரியில் ஆசிய, ஆப்பிரிக்க இளைஞர்கள் ஒரே பந்தியில் உண்டு ஒரே வகுப்பில் பயின்றனர். 'உலகம் ஒன்றே' என்னும் கருத்தினைப் பின்னாளில் தம் பயண நூலுக்குத் தலைப்பாகவே சூட்டிய அடிகளுக்கு, அதன் முதற்பாடம் இங்கேதான் கிடைத்திருக்கவேண்டும்.

உரோமையில் ஒரு தமிழ்க் கழகம்

உர்பானியக் கல்லூரிக்கு ஒரு பழைய மரபு உண்டு. மூவரசர் திருநாளை ஒட்டி, மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் தாய்மொழியில் கவிதை படிக்கும் அரங்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே நடைபெற்றது. பன்மொழிப் பெரும்புலவர் எனப்பட்ட கர்தினால் மெசொஃபாந்தி (1774-1849) அம்மாணவரோடு அவரவர் மொழியில் உரையாடுவதைக் காண வெளிநாட்டார் திரண்டு வருவராம். தாய்மொழி என்பது அவ்வரங்கில் ஒவ்வொரு மாணவனும் இறைவனுக்குக் கொண்டுவரும் காணிக்கை ஆயிற்று. ஆனால் ஆண்டுக்கு ஒருநாள் அரங்கேறும் மொழி, மற்ற நாட்களில் மௌனமாகவே இருந்தாக வேண்டும்.

குருமாணவர் தனிநாயகம் இந்த இடைவெளியை நிரப்பத் தொடங்கினார். உரோமையில் பயின்ற தமிழ் மாணவர்களைச் சேர்த்து வீரமாமுனிவர் கழகம் என்னும் அமைப்பை நிறுவினார். கழகத்திற்கு இட்ட பெயரைக் கருதுக. இத்தாலியில் 1680இல் பிறந்து, தமிழகம் வந்து, 1726இல் தேம்பாவணியை நிறைவு செய்த பெஸ்கி பாதிரியாரின் பெயர் அது. இத்தாலியர் ஒருவர் இறையழைத்தலை ஏற்றுத் தமிழ்நாடு சென்று தமிழரானார். தமிழர் ஒருவர் அதே அழைத்தலை ஏற்று இத்தாலிக்கு வந்து, தாம் தமிழர் என்பதை அங்கே உணர்ந்தார். இரு பயணங்களும் எதிரெதிர்த் திசையில் நடந்து ஒரே இடத்தில் கூடின.

1938 மார்ச்சு 19ஆம் நாள் அவர் உரோமையில் குருப்பட்டம் பெற்றார். அந்நாள் புனித சூசையப்பரின் திருநாள். தேம்பாவணியின் காப்பியத் தலைவராகிய வளனுக்குரிய நாள். திருச்சபையின் நாட்காட்டி அமைத்த பொருத்தம் இது எனினும், தமிழ் படிப்பவர் மகிழத்தக்க பொருத்தமே.

அவர் முனைவர் பட்டத்திற்கு எடுத்துக்கொண்ட பொருளும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. மூன்றாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேசு நகரில் ஆயராயிருந்து 258இல் மறைசாட்சியாக உயிர்நீத்த புனித சிப்பிரியானின் காலத்துக் குருகுலத்தைப் பற்றியது அவ்வாய்வு. உரோமை நகரத்துச் சபை கிரேக்கத்தில் வழிபட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே, ஆப்பிரிக்கச் சபை இலத்தீனில் எழுதவும் வாதிடவும் செபிக்கவும் தொடங்கிவிட்டது. தெர்த்துல்லியன், சிப்பிரியான், பின்னர் அகுஸ்தீன் என இலத்தீன் கிறித்தவ உரைநடையைச் செதுக்கியோர் ஆப்பிரிக்க மண்ணின் மைந்தர்கள். உரோமைச் சபை வழிபாட்டில் கிரேக்கத்தை விட்டு இலத்தீனுக்கு முற்றாக மாறியது நான்காம் நூற்றாண்டிலேயே. என்றென்றும் நிலைத்த புனித மொழி என்று குருமடங்கள் போற்றிய இலத்தீன், ஒரு காலத்தில் கிரேக்கத்தின் இடத்தைப் பெற்ற மக்கள் மொழியாக இருந்தது என்பதே இவ்வரலாற்றின் பாடம். இதனைக் கற்ற தமிழ் மாணவரின் நெஞ்சில், 'எனின் தமிழுக்கு ஏன் இயலாது?' என்ற வினா எழுதல் இயல்பே.

வடக்கன்குளத்தில் கேட்ட குரல்

போர் மூண்ட உலகிலிருந்து திரும்பிய இளங்குரு, 1940இல் நெல்லை மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள வடக்கன்குளம் புனித தெரசாள் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்றார். பழம்பெருமை வாய்ந்த கத்தோலிக்க ஊர் அது. திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் நீலகண்டபிள்ளை 1745இல் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனது அவ்வூரிலேதான். 2022 மே 15இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

இறையியல் முனைவர், ஐரோப்பிய மொழிகள் பல அறிந்தவர், தம் மாணவருக்கும் மக்களுக்கும் முன்னே செவ்விய தமிழில் பேச இயலாதவராய் நின்றார். இந்நிலையில் பலரும் செய்வது மொழிக்குறையை மறைத்து வாழ்தலே. குருவுக்கு எந்நாளும் மதிப்பு உண்டு. ஆங்கிலம் கலந்து பேசினால் அம்மதிப்பு மிகுந்த காலம் அது. அடிகள் அவ்வழி செல்லவில்லை. பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரை ஆசிரியராகக் கொண்டு, இலக்கணமும் இலக்கியமும் முறையாகப் பாடங் கேட்கலானார். மாணவருக்கு ஆசிரியராய் இருந்துகொண்டே, தாம் ஒருவருக்கு மாணவராகவும் அமர்ந்தார். பாடஞ்சொன்னவர் சமயத்தால் வேறானவர் என்பதும், கேட்டவர் உரோமைப் பட்டம் பெற்ற குரு என்பதும் அங்கே இடையூறு ஆகவில்லை. தமிழ்க்கல்வியின் தூய மரபுகளில் ஒன்று இது.

பின்னர் 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தமிழில் முதுகலைப் பட்டமும், சங்கப் பாடல்களில் இயற்கை பெறும் இடத்தை ஆராய்ந்து எம்.லிட். பட்டமும் பெற்றார். முப்பது வயதைக் கடந்த முனைவர் ஒருவர், இளைஞரோடு இளைஞராய் வகுப்பில் அமர்ந்து திணையும் துறையும் கற்றார். இதனையே நான் அவருடைய இரண்டாம் அழைத்தல் என்பேன். முதல் அழைத்தலுக்கு அவர் ஓரடி முன்வைத்தது உரோமையில். இரண்டாவதற்கு முன்வைத்தது வடக்கன்குளத்தில்.

இரண்டும் ஒன்றோடொன்று முரண்பட்டனவா? இவ்வினாவைத் திருச்சபைக்குள்ளிருந்தும் எழுப்பலாம், தமிழுலகிலிருந்தும் எழுப்பலாம். 'ஆன்மாக்களை மேய்க்கவேண்டிய குரு அகநானூறு படிப்பதேன்?' என்பது ஒரு பக்கத்துக் கேள்வி. 'தமிழ் படிக்கும் பாதிரியாரின் உள்நோக்கம் யாது?' என்பது மறுபக்கத்துக் கேள்வி. அடிகள் தம் வாழ்வால் அளித்த விடையை உணர, அவர் சொற்பொழிவுகளில் விரும்பி எடுத்தாண்ட திருமூலர் கருத்து ஒன்று உதவும். இறைவன் தம்மை நன்றாகப் படைத்தமைக்குக் காரணம், தாம் அவனைத் தமிழால் நன்கு பாடுதற்கே என்னும் கருத்துடைய திருமந்திரப் பாடல் அது. கத்தோலிக்கக் குரு ஒருவர் தம் அழைத்தலின் பொருளைச் சைவத் திருமுறையில் கண்டுகொண்டார். படைப்பின் நோக்கமும் மொழியின் நோக்கமும் அங்கே ஒன்றாகின்றன.

எரித்த கவிதையும் எழுந்த கவிதையும்

கவிஞர்கள் நிறைந்த நம் வட்டத்தினர் இவ்விடத்தில் மற்றொரு குருமாணவரையும் நினைவுகூர்தல் தகும். ஆங்கிலக் கவிஞர் ஜெரார்டு மான்லி ஹாப்கின்ஸ் 1868இல் இயேசு சபையில் சேருமுன் தம் கவிதைகளைத் தீயிலிட்டார். கவிதை தம் அழைத்தலுக்குரியதன்று எனக் கருதி, மேலாளர் விரும்பினாலன்றி இனி எழுதுவதில்லை என உறுதி பூண்டார். ஏழாண்டுகள் ஏறத்தாழ மௌனம். வேல்சு நாட்டில் புனித பியூனோ இல்லத்தில் இறையியல் பயின்றபோது, 1875 திசம்பரில் 'தாய்ச்சுலாந்து' என்னும் கப்பல் உடைந்து ஐந்து கன்னியர் மூழ்கி இறந்தனர். யாரேனும் இதைப் பற்றி ஒரு கவிதை எழுதினால் நன்று என்று இல்லத் தலைவர் சொன்ன ஒரு சொல், அடைபட்ட மதகைத் திறந்தது.

அவ்வில்லத்தில் ஹாப்கின்ஸ் வேல்சு மொழியைக் கற்றார். அம்மொழிச் செய்யுளின் எதுகை மோனைக் கட்டுக்களே அவருடைய புதிய யாப்புக்கு உரமாயின. நம் மோனைத்தொடையை அறிந்தவர்க்கு அவர் அடிகள் அந்நியமாகத் தோன்றா. சபையின் இதழ் அக்கவிதையை ஏற்கவில்லை. 1889இல் கவிஞர் மறைந்தார். 1918இல்தான் நண்பர் இராபர்ட் பிரிட்ஜஸ் கவிதைகளைத் தொகுத்து வெளியிட்டார்.

ஹாப்கின்ஸுக்கு மொழி, துறக்கவேண்டிய இன்பமாகத் தோன்றிப் பின் அழைத்தலின் பகுதியாகத் திரும்பி வந்தது. தனிநாயகத்துக்கோ அது தம்மிடம் இல்லாத ஒன்றாக இருந்து, தேடிப் பெறவேண்டிய கடமையாயிற்று. ஒருவர் கையிலிருந்ததைக் கொடுத்தார். மற்றவர் கையில் இல்லாததைக் கடன்பட்டேனும் ஈட்டினார். இருவரும் தாம் தங்கிய மண்ணின் மொழிக்கு மாணவராயினர் என்பதே ஒற்றுமை. எழுதுவதா, விடுவதா என்று குடும்பக் கடமைக்கும் அலுவலுக்கும் இடையில் தடுமாறும் நம்மனோர்க்கும் இவ்விருவர் வாழ்வு உரைப்பது ஒன்றுண்டு. அழைப்பு உண்மையானதாயின், அது தீயிலிட்டாலும் மீளும். முப்பது வயதுக்குமேல் தொடங்கினாலும் கைகூடும்.

செயலாளர் என்னும் தொண்டு

இரண்டாம் அழைத்தலின் விளைவுகளை நாடறியும். தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம் தோற்றுவித்தார். 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கி, தமிழறியா அறிஞர் உலகுக்குத் தமிழை அறிமுகம் செய்தார். 1952 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும், 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்து இந்தியவியல் துறைத் தலைமையிலும் பணியாற்றினார். 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தபோது தமிழர் மொழியுரிமைக்காகத் துணிந்து பேசினார். குருவின் அங்கி அவருக்கு அச்சத்தின் போர்வையாக இருந்ததில்லை.

உரோமையில் கழித்த மாணவப்பருவம் எதிர்பாராத வகையிலும் பயன்தந்தது. குருமடத்தில் கற்ற இலத்தீனும் இத்தாலியமும், பின் கற்ற போர்ச்சுகீசியமும் ஐரோப்பிய நூலகங்களின் கதவுகளைத் திறந்தன. அந்தாவ் தெ புரோயென்சா என்னும் இயேசு சபைத் துறவியின் தமிழ்-போர்ச்சுகீசிய அகராதி 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சானது. அதன் படியை அடிகள் 1954இல் வத்திக்கான் நூலகத்தில் கண்டறிந்தார். 1966இல் கோலாலம்பூரில் பதிப்பித்தார். தமிழைப் பயில இடமளியாத குருமடக் கல்வியே, தமிழின் பழைய அச்சுநூலைக் கண்டெடுக்கும் கருவியுமானது வியப்பே.

1964 சனவரியில் புதுதில்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாடு கூடியபோது உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. வ.அய். சுப்பிரமணியம் முதலிய அறிஞர் துணைநின்றனர். பிரெஞ்சு அறிஞர் ஜான் ஃபிலியோசா தலைவரானார். அடிகளோ செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபிலுடன் இணைந்து செயலாளர் பொறுப்பை ஏற்றார். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரிலும், 1968 சனவரியில் சென்னையிலும், 1970இல் பாரிசிலும், 1974இல் யாழ்ப்பாணத்திலும் மாநாடுகள் கூடின.

தலைவர் என்பது பெருமைக்குரிய பெயர். செயலாளர் என்பது மடல் எழுதுபவர், கட்டுரை கேட்டு நச்சரிப்பவர், பிறர் கட்டுரையைப் பிழைதிருத்துபவர், பணத்திற்கு அலைபவர். இதழாசிரியர், நூற்பட்டியல் தொகுப்பாளர், செயலாளர் எனப் பிறர் ஒளிரத் தாம் எண்ணெயாகும் பணிகளையே அடிகள் மீண்டும் மீண்டும் தேர்ந்தார். திருப்பணியாளர் என்னும் சொல்லின் பொருளைக் குருமடத்தில் கற்ற ஒருவரே இதனை இத்துணை இயல்பாகச் செய்யவியலும். அவர் துறவு தமிழாராய்ச்சியில் வெளிப்பட்ட முறை இதுவெனக் கொள்ளலாம்.

அடையாற்றுக் கரையிலிருந்து

இவ்வரலாற்றின் தடங்கள் நம் அடையாற்றைச் சூழ்ந்தே கிடக்கின்றன. வடக்கே மெரினாக் கடற்கரையில், 1968 மாநாட்டை ஒட்டி எழுப்பிய சிலைகளுள் வீரமாமுனிவரும் நிற்கிறார். உரோமையில் மாணவர் கழகத்துக்குப் பெயராயிருந்தவர், முப்பது ஆண்டுகளில் சென்னைக் கடற்கரையில் சிலையானார். தெற்கே தரமணியில் 1970இல் தோன்றிய உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் அடிகளின் கனவிலிருந்து விளைந்தது. அடிகள் 1969இல் தொடங்கிய தமிழாராய்ச்சி ஆங்கில இதழையும் அந்நிறுவனம் பின்னர் ஏற்று நடத்தலாயிற்று. அந்நிறுவனத்திற்கு யுனெஸ்கோவில் துணைநின்ற மால்கம் ஆதிசேசையா, 1971இல் காந்தி நகரில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். இயேசு சபையாரின் மெய்யியல் கூடமாகிய சத்திய நிலையம் திருவான்மியூரில் அமைந்தது. மயிலாப்பூரில் இக்னேசியஸ் இருதயம் அடிகள் ஐக்கிய ஆலயம் நிறுவிச் சைவ, வைணவ, கிறித்தவ மெய்யன்பர்களை ஒருங்கமரச் செய்தார்.

குருமடங்களும் மாறின. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 திசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, வழிபாட்டில் தாய்மொழிக்கு வழி திறந்தது. 1965 அக்டோபரில் குருத்துவப் பயிற்சி பற்றிய விதித்தொகுப்பும் வந்தது. 'பூசை' திருப்பலி ஆயிற்று. 'ஞானஸ்நானம்' திருமுழுக்கு ஆயிற்று. 'விசுவாசம்' நம்பிக்கையாகவும், 'சர்வேசுரன்' இறைவனாகவும் மாறின. 1995இல் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. தமிழால் வழிபட்டு, தமிழிலேயே மறையுரை ஆற்றப் பயிலும் வாய்ப்பு இன்றைய குருமாணவருக்கு வாய்த்துள்ளது. எனினும் கிடைத்த மொழியும் தேடிப் பெற்ற மொழியும் ஒன்றாகா. சொற்களை மாற்றுதல் எளிது. ஒரு பண்டிதரின் முன் பணிந்து அமர்ந்து ஓர் இலக்கியத்தை உயிரோடு பெறுதல் எளிதன்று. அடிகளின் வாழ்வு இன்றைய குருமாணவருக்கு மட்டுமன்றி, தமிழை வகுப்பில் கற்பிக்கும் எம்மனோர்க்கும் விடுக்கும் அறைகூவல் இதுவே.

1980 செப்டம்பர் முதல் நாள் அடிகள் மறைந்தார். ஸ்தனிசுலாஸ் என்று அழைக்கப்பட்டவர் தனிநாயகம் என்று விடைகூறிய வாழ்வு அது. விளியேற்ற பெயர் ஈறு திரிவதைப் போல. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்திலும், பாட்டரங்கில் பெயர் விளங்குவோர் பலர். அழைப்பிதழ் எழுதி, நாற்காலி அடுக்கி, வராதவர்க்கு நினைவுமடல் விடுத்து, இம்மலருக்கு மெய்ப்புத் திருத்திய கைகள் சில. அச்சிலரின் தொண்டும் அழைத்தலே. அடிகள் இருந்திருந்தால் அவர்கள் பக்கத்திலேயே அமர்ந்திருப்பார். வட்டம் வளர்க, அழைப்பைக் கேட்கும் செவிகள் பெருகுக.